ஒருத்தரும் ஏத்தாத சிலிண்டர்

நெடுந்தீவு

அன்பின் அத்தானுக்கு,

நீங்களும் பிள்ளையும் சுகந்தானே? உங்கட முதுகு நோ குறைஞ்சிட்டுதோ? நான் சுகம். போனில கதைச்சால் அழுதுபோடுவன் எண்டுதான் எழுதுறன்.

பயப்பிடாதேங்கோ, எல்லாம் நல்லபடி முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை எங்கட ஆஸ்பத்திரியில இருந்து மூச்செடுக்க ஏலாத ஒரு கர்ப்பிணியைப் படகில யாழ்ப்பாணம் அனுப்ப வேண்டி வந்தது. இறங்குதுறையில பார்த்தால், ஒட்சிசன் சிலிண்டர் ஒண்டுதான் இருக்கு. அது பாதிக் கடலுக்கும் காணாது. மற்றதை உதவியாளர் ஐயாத்துரை அண்ணை ஏத்தினவர் எண்டு நான் நினைச்சனான், நான் ஏத்தினனான் எண்டு அவர் நினைச்சவர். அம்புலன்ஸ் சாரதி ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடிப்போய் எடுத்துவந்தார். தாயும் பிள்ளையும் இப்ப சுகம்.

அடுத்தநாள், பொறுப்பு நேர்ஸ் எண்ட முறையில எல்லாரையும் இருத்தி, "ஆரிட பிழை?" எண்டு கேட்டன்.

ஐயாத்துரை அண்ணை மெதுவாச் சொன்னார்: "மிஸ்ஸி, நீங்கள் பொறுப்பெடுத்த நாளில இருந்து, நாங்கள் வாய் திறந்தால் ஏசுறியள். அதாலதான் சிலிண்டரைப் பற்றிக் கேட்கேல்லை."

எனக்கு முதலில் கோபம், பிறகு வெட்கம். இப்ப வெளிக்கிட முதல், கொண்டுபோறதை அவரவர் உரத்துச் சொல்லுறம். நேற்று நான் மருந்துப்பெட்டியை மறந்ததை அண்ணை எல்லாருக்கும் முன்னால சொன்னார். "நல்லகாலம் சொன்னியள்" எண்டன். ஆனால் அவரின்ர முகத்தைப் பார்க்காமலே பெட்டியை எடுக்கப் போனன்.

குறிகட்டுவான் துறைக்கு வாற பஸ்ஸில ஒரு கம்பளிப் போர்வை அனுப்புங்கோ, அங்கயிருந்து படகில வந்திடும். பிள்ளையின்ர பெட்சீற்றும் அனுப்புங்கோ, தோய்க்க வேண்டாம்.

ஆரோ வருத்தக்காரரைக் கொண்டுவந்திட்டினம். கடல் இண்டைக்கும் சரியில்லை. அண்ணை கூப்பிடுறார், போட்டு வாறன்.

உங்கட
சுலோஜனா