கற்பூரவல்லிக்கும் பூனைக்கும் இடையில்

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும் யாரோ கற்பூரவல்லியைக் கிள்ளியிருக்கிறார்கள். குருத்தை விட்டுவிட்டு முற்றிய இலையாகப் பார்த்துக் கிள்ளியிருக்கிறது. விவரம் தெரிந்த கைதான்.

மூன்றாவது மாடி வராண்டாவில், தெர்மாகோல் மீன்பெட்டிகளில் மண் நிரப்பி தூதுவளை, ஆடாதோடை, துளசி எல்லாம் வளர்க்கிறேன். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் தூசியைத் தினமும் இலை இலையாகத் துடைக்கிறேன். துடைப்பவள் நான், தின்பது யாரோ. என் வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. கஷாயச் சொம்போடு வந்தால் போதும், வீட்டுக்காரருக்குக் கழிவறை அவசரம் வந்துவிடும்.

நவம்பர் 6, வியாழன்

வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கடைக்குக் கிளம்பும்போது செடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "கற்பூரவல்லி, உன்னக் கிள்ற கை யாருதுன்னு எனக்குத் தெரியும்டி."

தெரியாது. சும்மா விட்டுப் பார்த்தேன்.

எதிர்வீட்டு கெங்கம்மா தன் பூனையிடம் சொன்னாள்: "ரெண்டு இலை போனா இன்னா பூனை, சொத்தா பூடும்?"

சிக்கிவிட்டாள்.

நாங்கள் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதற்கு முன் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மாடிப்படியில் நாலு பேர் நடுவில் என் கஷாயத்தை டீசல் என்றாள். நான் அவள் விற்கும் நெத்திலியை 'நேத்திலி' என்றேன், நேற்றைய மீனாம். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு சரி. இப்போது அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் செடியிடம் சொல்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் பூனையிடம் சொல்கிறாள்.

நவம்பர் 7

வீட்டுக்காரர்: "பேசித் தொலைங்கம்மா. அந்தப் பூனைக்கே பேஜாரா கீது."

நவம்பர் 9, ஞாயிறு

மார்க்கெட்டில் கெங்கம்மாவைப் பார்த்தேன். அவள் கூவினால் தெருமுனை வரை கேட்கும். இன்று வெறும் காற்றுதான் வந்தது. கூடை நிறைய சங்கரா மீன், எதிரே ஒருத்தரும் இல்லை. பக்கத்துக்காரி கூவிக் கூவி விற்கிறாள்.

அதற்குத்தானா இலை? கேட்க வேண்டியதுதானே? கேட்க மாட்டாள். நானே கொடுக்க வேண்டியதுதானே? நானும் மாட்டேன். ராங்கி.

சாயந்திரம், "நல்லாத் தழைடி, தேவைப்படுது" என்று செடியிடம் சொன்னேன். அவள் காதில் விழுகிற மாதிரிதான்.

நவம்பர் 11

அவள் குரல் திரும்ப வேண்டும். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. என் பேரைச் சொல்லித் திட்டட்டும்.

நவம்பர் 15, சனி

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தவசிமுத்து வந்தார். டெங்கு காலமாம், பெட்டியில் தண்ணீர் தேங்குமாம், நாளைக்கே காலி பண்ண வேண்டுமாம். அடியில் ஓட்டை போட்டிருப்பதைக் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்னா மனுஷன்யா அவரு— புள்ள மாதிரி வளத்தனே, எங்க கொண்டு போவேன்?

நவம்பர் 16

தவசிமுத்து இரண்டு ஆட்களோடு வந்தார். முதல் பெட்டியைத் தூக்கும்போது எதிர்க்கதவு திறந்தது.

"கீழ வை. அது என் செடி."

குரல் கரகரத்தாலும் பெட்டி கீழே போய்விட்டது. கெங்கம்மா வாய்க்கு இந்த பிளாக்கே பயம்.

"மங்கையோட செடின்னு சொன்னாங்களே..." என்று இழுத்தார்.

"எத்தினி கீதோ அத்தினியும் என்னுது. என் தொண்டைக்கு மருந்து. என் வாசல்லதான் இருக்கும். தண்ணி தேங்குனா என்னக் கேளு."

அந்த ஆட்களை வைத்தே எல்லாவற்றையும் தன் வாசலுக்கு நகர்த்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. காப்பாற்றினாளா, கொள்ளையடித்தாளா?

நவம்பர் 18

வீட்டுக்காரருக்கு நிஜமாகவே இருமல். கஷாயம் கொடு என்று அவரே கேட்கிறார். செடி என்னுடையது, வாசல் அவளுடையது. மீன் எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்து மெல்லப் போய்க் கிள்ளினேன். கதவு திறந்தது.

"மங்க, இன்னாடி திருடுற?"

நல்ல கணீர்க் குரல். பழக்கதோஷம், குனிந்து கற்பூரவல்லியைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"செடியாண்ட இன்னா சொல்ற? என்னாண்ட சொல்லு."

சொன்னேன். சொல்லி முடியவில்லை, இன்று கடைக்குப் போகவில்லை.