கேமராவைப் பார்க்காத மாப்பிள்ளை

ஜூலை 9, 2025, புதன்

ஏலக்காய் வியாபாரி கேட்ட காலண்டர் படங்களை முடித்துக் கொடுத்தேன். எஸ்டேட் பெண்களுக்கு ஒரே நிறச் சேலை கட்டிவிட்டு, ஏலச்செடிப் பக்கம் நிறுத்தி, சிரிக்கச் சொல்லி எடுத்தவை. "பொன்னுமணி மூஞ்சில இருக்கிற சுருக்கத்த எடுத்துருங்க" என்றார். எடுத்தேன். இப்போது படத்தில் பொன்னுமணியின் தங்கச்சி மாதிரி யாரோ ஒருத்தி நிற்கிறாள்.

எனக்கென்று எடுக்கிற படங்கள் வேறு. விடியலில் தூக்குச்சட்டியோடு எஸ்டேட் ஜீப்புக்குக் காத்திருக்கிற முகங்கள், போடிமெட்டு மலை ஏற்றத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற முகங்கள். அதற்காகத்தான் அருள்பாண்டி ஓட்டும் ஜீப்பில் அடிக்கடி ஏறுகிறேன்.

அதற்காகத்தானா?

ஜூலை 21, திங்கள்

பொன்னுமணி சும்மா இருப்பாளா? "ஏப்பா அருள்பாண்டி, நாங்க ஏறுனா தள்ளி ஒக்காருங்கற, போட்டோக்காரம்மா ஏறுனா மட்டும் சீட்டத் தொடைக்கிற?" ஜீப்பே சிரித்தது. அவர் ஹாரனை அடித்தார், வளைவே இல்லாத இடத்தில்.

மேலே ஒரே பனி. ஒரு படமும் எடுக்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, இந்த ரோடு தீரக்கூடாதே என்று உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தேழு வயசு. வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம். வெட்கமாக இருக்கிறது. ஏக்கமாகவும் இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

மழை. ஜீப்பு போகவில்லையாம். பொழுது நகரவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அருள்பாண்டியை அவருடைய அக்கா ராக்கு ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். "ஆடி கழிஞ்சதும் சிலமலையில பொண்ணு பாக்கப் போறோம் முனீஸ்வரி. பொண்ணு வீட்டுக்குக் குடுக்க ஒரு போட்டோ வேணும். நல்லா எடு ஆத்தா."

நல்லா எடு!

நான் எப்போதும் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பேன். முகம் இளகியதும் கேமராவைத் தட்டி, "இங்க பாருங்க" என்று சொல்லி அமுக்குவேன். இன்றைக்கும் பேசினேன். காலரைச் சரி பண்ணச் சொன்னேன். சிரித்தார். நான் பார்க்க ஏங்கிய சிரிப்பு. அமுக்கிவிட்டேன்.

சரியாகக்கூடப் பார்க்காமல் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, என் கையாலேயே கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜீப்பு ஸ்டாண்டுப் பக்கமே போகவில்லை. சோலி இருக்கு, சோலி இருக்கு என்று எல்லாரிடமும் சொல்கிறேன். என்ன சோலி? ஏறினால் அழுதுருவேன், அதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ராக்கு அக்கா போட்டோவோடு திரும்பி வந்தார். "மாப்ள நம்மளப் பாக்கலையே, பக்கத்துல யாரையோல்ல பாத்துச் சிரிக்கிறாருன்னு பொண்ணோட ஆத்தா கேக்குது. கேமராவப் பாக்க வச்சு வெரசா இன்னொண்ணு எடுத்துக் குடு. அவன வரச் சொல்லட்டா?"

வாங்கிப் பார்த்தேன். "இங்க பாருங்க" என்று சொல்லவே மறந்திருக்கிறேன். அவர் கண் கேமராவில் இல்லை. ஒரு சாண் தள்ளி, நான் நின்ற இடத்தில் இருக்கிறது. நேற்றுத் தொழிலுக்கு வந்தவர்கள்கூடச் செய்யாத தப்பு.

"நான் எடுக்கலக்கா. வேற ஸ்டூடியோவுல எடுத்துக்கங்க."

வந்த வேலையை நான் திருப்பி அனுப்பியதே இல்லை.

"ஏன், ஒனக்கு என்ன வந்துச்சு?"

"என்னையப் பாக்காதீகன்னு அவர்ட்டச் சொல்ல எனக்கு மனசு வரலக்கா."

சொல்லியே விட்டேன். அக்கா போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. நானே கெடுத்துக்கிட்டேனா? ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிட்டாவது இருந்திருக்கலாமே.

செப்டம்பர் 4, வியாழன்

ஸ்டூடியோ கதவைத் திறக்கும்போது ராக்கு அக்கா வெளியே நின்றிருந்தார். உள்ளே வந்து, போட்டோவுக்கு உட்கார்கிற ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சிலமலைக்கு வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நானும் கத்திப் பாத்துட்டேன், அழுதும் பாத்துட்டேன். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக..." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். "கொஞ்சம் தண்ணி கொண்டா."

கொடுத்தேன். முழுச் சொம்பையும் குடித்தார்.

"இன்னுங் கொஞ்சம் வேணுமாக்கா?"

"இனிமே அக்காங்காத" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "மதினின்னு கூப்பிட்டுப் பழகு."

கூப்பிடத்தான் பார்த்தேன். சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டேன்.