துளி போன திசை

12-8-1968, திங்கள்

என் கண் மங்கிவிட்டதென்று ஊரில் சொல்வது தவறு. என் பார்வை நன்றாகவே இருக்கிறது.

மாடியில் குடியிருக்கும் ராகவன், தாம் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன வாரம் என்னை அழைத்துப்போய், சோப்புக் கரைசலில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். சோப்பு ஒட்டிய துளிக்கு எதிர்மின்னேற்றம் வந்துவிடும், மின்சாரம் கொடுத்தால் வலப்பக்கத்து நேர்மின்முனைக்குப் போகும் என்றார். இடப்பக்கம் போகிறது என்றேன். கண்டதைக் கண்டபடி சொல்லத்தான் கான்வென்டில் படித்தேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு மதராஸில் இருக்கும் என் மகன் காது வரை போய்விட்டது. இன்று வந்து இறங்கினான். "இடது வலது தெரியாம இங்குட்டுத் தனியா எப்படி இருப்பீக ஆத்தா?" என்று கேட்டுவிட்டு, வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். வியாழக்கிழமை நான் அவனோடு கிளம்ப வேண்டுமாம். அவன் வீட்டில் எனக்கு ஒதுக்கிய அறைக்குச் சன்னல் கிடையாது.

மாலையில் ராகவனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "நீங்க பாத்தது சரிதான் ஆச்சி. மைக்ராஸ்கோப்புல வலப்பக்கம் இடப்பக்கமாத் தெரியும். சொல்ல மறந்துட்டேன்."

"அதை என் மகனிடம் சொல்லுங்கள்."

"குடும்ப விஷயத்துல நான் எப்படி ஆச்சி..." என்று மாடியேறிவிட்டார்.

காலையில் அவர் கதவில் செருக வேண்டியது: ராகவன் அவர்களுக்கு, துளி இடப்பக்கம் போவதாகத்தான் மைக்ராஸ்கோப்பில் தெரியும் என்பதை எழுதி, கையெழுத்திட்டு, புதன்கிழமைக்குள் தரவும்.