பதினோரு தோட்டத்துத் தண்ணீர்

அக்கா,

இன்று காலை அச்சகத்திலிருந்து மாதிரி அட்டைகள் வந்தன. கட்டைப் பிரித்ததும் அறை முழுக்க மை வாசனை. மேலே, 'உங்கள் தோட்டத்து மோட்டார் இந்த வாரம் ஓடிய நேரம்'. கீழே, 'அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் சராசரியாக ஓடிய நேரம்'. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் உங்களிடம் நான் முதலில் நீட்டிய அதே வாசகம். இனி ஊர் ஊராகப் போகப்போகிறது. வாசித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால், யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால், அதிகம் இறைப்பவர் தானாகவே குறைத்துக்கொள்வார். நான் படித்த பொருளாதாரம் அப்படித்தான் சொன்னது. அதைச் சோதிக்கும் ஆய்வுக்காகப் பதினோரு தோட்டங்களில், அவரவர் சம்மதத்தோடு மீட்டர் பொருத்தினேன்.

உங்கள் மோட்டார்தான் மிகக் குறைவாக ஓடியது. வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போய்விட, தனியாளாக மரவள்ளி வைத்திருந்தீர்கள், உங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு. முதல் அட்டையைப் பரிசு கொடுப்பதுபோல நீட்டினேன். இரண்டு முறை படித்தீர்கள்.

"அப்ப அவிங்கெல்லாம் இத்தன நேரம் எடுக்கறாங்களா?"

"ஆமாங்க்கா. நீங்கதான் ரொம்பக் கம்மி."

"கம்மியா எடுத்து யாருக்கு சாமி மிச்சம் பண்றேன்? அடியில இருக்கறது ஒரே தண்ணி."

அடுத்த வாரம் உங்கள் மீட்டர் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. "தெரியாத வரைக்கும் சும்மா இருந்தேன். தெரிஞ்சப்பறம் மனசு கேக்கல" என்றீர்கள். பங்குனியில் உங்கள் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. பிறகு வெறும் காற்று. செடிகள் இலை தொங்கி நின்றன. நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள்.

அந்த வாரம் முழுக்கத் தோட்டம் தோட்டமாக நடந்தீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். வேலித் தகராறில் பல வருஷமாகப் பேச்சில்லாத மேற்குத் தோட்டத்துக்காரர் வாசலிலும் போய் நின்றீர்கள்.

"என்ன சமாச்சாரம்?" என்றார் அவர், முகம் பார்க்காமல்.

"பேராசப்பட்டு நானும் ஓட்டிப்போட்டனுங்க. என்ற போரு நின்னு போச்சு. இப்படியே போனா உங்களுதும் நிக்குமுங்க. எல்லாரும் உக்காந்து பேசுனா ஆகாதுங்களா?"

அவர் தலை நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்து, நாற்காலி எடுத்துவரச் சொன்னார்.

அந்தக் கோடையில் பதினோரு பேரும் முறை வைத்து இறைத்தார்கள். யாரும் நெல் நடவில்லை. மேற்குத் தோட்டத்திலிருந்து உங்கள் கிழங்குக்கு ஓஸ் குழாயில் தண்ணீர் வந்தது.

என் அறிக்கையில் நான் எழுதியது, அட்டை கொடுத்தபின் நீர் இறைப்பு குறைந்தது என்று. முதலில் கூடியதை ஒரு அடிக்குறிப்பில் ஒதுக்கினேன். நீங்கள் நடந்தது எந்தப் பத்தியிலும் இல்லை. அளக்க முடியாததை எங்கே எழுதுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறிக்கையைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் உங்களுக்கு மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மதியம் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் தப்பிலிருந்தே தொடங்கி. அவர் கோபப்படவில்லை. "அப்படி ஒருத்தர ஊருக்கு ஊர் எங்க போய்த் தேடறது?" என்று மட்டும் கேட்டார். அச்சை ஒரு மாதம் நிறுத்திவைத்திருக்கிறார்.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன் அக்கா. அறிக்கையைத் திருத்த உட்கார்ந்தேன். ஆய்வில் யார் பெயரையும் எழுதக்கூடாது என்பது விதி. 'நான்காம் எண் தோட்டத்து விவசாயி, தானே முன்வந்து, மற்ற பத்துத் தோட்டங்களுக்கும் நடந்து போனார்' என்று எழுதினேன். எழுதிவிட்டு, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.