ரமா என்பது யார் பெயர்

2 அக்டோபர் 1959, வெள்ளி

காந்தி ஜயந்தி, ஆபீஸ் இல்லை. மகாளய அமாவாசை. தர்ப்பணத்தில் வழக்கம்போல் பாட்டி பெயரை 'அலமேலு' என்று சுருக்கிச் சொன்னேன். சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அலமேலு இல்லைடா சேஷகிரி, அலர்மேல்மங்கை. முழுசாச் சொல்லு." மாமியார் மேல் இத்தனை வருஷம் கழித்து என்ன கரிசனமோ. கையில் எள்ளும் ஜலமுமாக உட்கார்ந்துகொண்டு பதில் பேச முடியுமா? திருத்திச் சொன்னேன். செக்ரட்டேரியட்டில் ஒரு இனிஷியல் தப்பினால் ஃபைலையே திருப்பி அனுப்புகிறவன் நான். வீட்டில் எனக்கே பாடம்.

5 அக்டோபர், திங்கள்

ஜானகியின் அப்பா மறுபடியும் கடிதத்தின் மேல் 'சௌ. ரமா' என்று எழுதியிருக்கிறார். அம்மா பெயர் ரமா. வந்த மருமகள் பெயரும் ரமா என்றால் ஒரு வீட்டில் எப்படிக் கூப்பிடுவது என்று கல்யாணத்தன்றே இவள் பெயரை ஜானகி என்று மாற்றியாயிற்று. பதினோரு வருஷமாகியும் அந்த மனுஷருக்கு உறைக்கவில்லை. தபால் யாருக்கு என்று நான் என்ன ஜோசியமா பார்ப்பது என்று கத்தினேன். அம்மா கடிதத்தை வாங்கி ஜானகியிடம் கொடுத்தாள்.

8 அக்டோபர், வியாழன்

அம்மா போய்விட்டாள்.

10 அக்டோபர், சனி

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். மறக்குமா என்ன.

வியாழன் பதினொன்றரை மணிக்கு ப்யூன் முனிகிருஷ்ணன் வந்து, "சார், ஊட்லேர்ந்து ஆள் வந்துகிது. அம்மாக்கு மை சரியில்லையாம், பேகா போங்க" என்றான். உடம்பு சரியில்லை, சீக்கிரம் போ என்கிறான் அவனுடைய கன்னடத் தமிழில். ஒக்கலிபுரம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நவராத்திரி சுண்டலுக்காக ஊறின கடலையை வடிகட்டிக்கொண்டிருந்தாளாம். முதுகை வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தாளாம். அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயசு. நான் போகும்போது ஜானகி கொலுப்படியை ஒரு வேட்டியால் மூடியிருந்தாள்.

அன்னிக்குக் காலம்பற காபி ஆறிப்போச்சுன்னு சொன்னேன். அதுதான் நான் அவகிட்டே கடைசியாப் பேசினது. வேறே ஏதாவது சொல்லியிருக்கப்படாதா?

17 அக்டோபர், சனி

பத்தாம் நாள். ஒவ்வொரு கை ஜலத்துக்கும் அம்மா பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் இருந்தவரை ஒரு தடவைகூட அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

19 அக்டோபர், திங்கள்

சரம ஸ்லோகம் அச்சாகி வந்துவிட்டது. அம்மாவின் பெயரும் அவள் போன திதியும் வருகிற நாலு வரி, நாளை பதின்மூன்றுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க. ப்ரூஃபில் இரண்டு பிழை கண்டுபிடித்துத் திருத்தியிருந்தேன். இப்போது சுத்தமாக இருக்கிறது.

21 அக்டோபர், புதன்

அம்மாவின் அண்ணா சீனிவாசராகவன் மாமா ஜபல்பூரிலிருந்து இன்றுதான் வந்து சேர்ந்தார். தந்தி பழைய விலாசத்துக்குப் போய் அலைந்திருக்கிறது. வந்து, அழுது, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சரம ஸ்லோகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"யாருடா இது ரமா?"

அம்மாதான் என்றேன்.

"மங்கா பேரு அலர்மேல்மங்கைடா."

மாமா அவளை மங்கா என்றுதான் கூப்பிடுவார். செல்லப் பெயர் என்று நினைத்திருந்தோம்.

"உங்க பாட்டிக்கும் அதே பேர். மாமியார் பேரைச் சொல்லி மருமகளை எப்படி அதட்டறது? கல்யாணத்தன்னிக்கே ரமான்னு மாத்திட்டா. பதிமூணு வயசு அவளுக்கு. ரமான்னு கூப்பிட்டா ஒரு வாரம் திரும்பியே பாக்கலையாம். பொண்ணுக்குக் காது மந்தமோன்னு எங்காத்துக்குக் கடுதாசி வந்தது."

சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாட்டி போய் இருபத்தேழு வருஷம். அதற்கப்புறமாவது பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

22 அக்டோபர், வியாழன்

வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். பன்னிரண்டு நாள் விட்ட ஜலமும் வைத்த பிண்டமும் வேறு பெயருக்குப் போயிற்றே, அம்மாவுக்குச் சேர்ந்திருக்குமா?

"விட்டது யார்? பிள்ளை. யாருக்கு? தாயாருக்கு. போய்ச் சேர்ந்திருக்கும், போம். இனிமே சரியாச் சொல்லும்."

பெயர் மாறி வந்த மனுவை நான் அப்படி ஏற்றுக்கொண்டதில்லையே.

இன்னொன்று. அப்பா போனதிலிருந்து அமாவாசைதோறும், உயிரோடு இருக்கிறவள் காதுபட, அவள் பெயருக்கே எள்ளும் ஜலமும் விட்டிருக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. முழுசாச் சொல்லு என்றாள். இந்த வீட்டில் அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது மாதத்தில் அந்த ஒரு நாள்தான். அதையும் நான் சுருக்கினேன்.

31 அக்டோபர், சனி

அமாவாசை. நேற்று தெருவெல்லாம் தீபாவளி, நமக்கில்லை. தர்ப்பணத்தில் அம்மா, அடுத்தது பாட்டி. அலர்மேல்மங்கை, அலர்மேல்மங்கை. இரண்டையும் முழுசாகச் சொன்னேன். சமையலறையிலிருந்து சத்தமே வரவில்லை.

15 நவம்பர், ஞாயிறு

ஜானகி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே விட்டேன்: "உன்னை இனிமே ரமான்னே கூப்பிடட்டுமா?"

அவள் தலை நிமிரவில்லை. "அம்மா அப்படித்தான் கூப்பிடுவா."

"எப்போ?"

"நீங்க ஆபீஸ் போனப்புறம். கல்யாணமாகி வந்த மறுநாள்லேர்ந்து. சாயங்காலம் வாசல்லே நீங்க செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டா ஜானகி ஆயிடுவேன்."

"எங்கிட்டே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. அம்மாவும் சொல்ல வேண்டாம்னா. ஆம்பளைகளுக்குக் குழப்பமாயிடும்னா."

குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற மாதிரி நின்று அழுதேன். அம்மா போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. இன்றுதான் வந்தது அழுகை. இந்த வீட்டில் எனக்கு எது தெரியும்? சரம ஸ்லோகத்தில் பிழை திருத்தினவன்.

18 நவம்பர், புதன்

மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். விலாசம் எப்போதும்போலவே போடவும் என்று.

23 நவம்பர், திங்கள்

ஒரு வாரமாக வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. பதினோரு வருஷப் பழக்கம். இன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வாசலில் நின்று, "ரமா" என்றேன். அம்மாவைப் போல அவளும் திரும்பிப் பார்க்க ஒரு வாரமாகும் என்று நினைத்திருந்தேன்.

முதல் குரலுக்கே உள்ளேயிருந்து பதில் வந்தது: "இதோ வந்துட்டேம்மா."

வந்தாள். என்னைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் செருப்போடு நின்றேன். பிறகு உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். ஆறியிருந்தது, குடித்தேன்.