ஆபத்து இல்லாத சாலை

பால் டின்னில் கோப்பி வந்திருக்கிறது. மூடியில் துளையிட்டுக் கயிறு கோத்த பழைய கெட்டிப்பால் டின். அலுவலக உதவியாளர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்கி வந்திருக்க வேண்டும். சூடேறிய தகரமும் கருக வறுத்த கொட்டையும் கலந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் உன் சுண்டுவிரல் நினைவுக்கு வந்தது. அதில் இப்படியொரு கயிற்றை மாட்டிக்கொண்டுதான் நீ நூலகப் படி ஏறுவாய்.

புக்கிட் தீமா பல்கலைக்கழக வளாகத்தில், துறைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் தேர்வாளர்கள், மேசைமேல் என் ஆய்வேடு. வெளியே போய் யோசித்துவிட்டு வரச் சொன்னார்கள். யோசிக்க முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

விஷயம் சிறியது. நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் பட்டம். எடுக்க மாட்டேன் என்றால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். இன்னும் ஓராண்டு. பட்டத்தை நம்பி எனக்காக வைத்திருக்கும் உதவி விரிவுரையாளர் வேலை அதுவரை காத்திருக்காது. வீட்டில் எல்லாரும் அந்த வேலையை ஏற்கெனவே கிடைத்ததாகவே பேசுகிறார்கள்.

நான்காம் அத்தியாயம் உன்னுடையது.

நிதியியல் முதுகலைக்கு நாம் ஒன்றாகத்தான் பதிந்தோம். சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள் முதல் போடும்போது எதைக் கணக்கில் கொள்கிறார்கள் என்பது ஆய்வு. ஆளுக்குப் பாதிக் கடை, தனித்தனி ஏடு. கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழாக்கியது நான். 'ரிஸ்க்' வந்த இடத்தில் நின்றேன். 'இடர்' என்று போடலாமா என்று உன்னிடம் கேட்டேன்.

"இடர்னு கேட்டா, கோயில்ல பாடுறதான்னு கேப்பாங்கடா."

ஆகவே 'ஆபத்து' என்று போட்டேன். உங்கள் தொழிலில் ஆபத்து உண்டா? எளிய கேள்வி, நல்ல தமிழ். எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் நடந்த கலவரம் அடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஊரடங்கு போட்ட நாள்களை யாரும் மறக்கவில்லை. நாமும் மறக்கவில்லை. ஆனால் கேள்வி எழுதும்போது அது நம் நினைவில் இல்லை. முதல் கடை, ஜவுளிக் கடை. முதலாளி நம் சட்டையைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார்.

"ஆபத்தா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. பக்கத்துல சீனர் கடை, பின்னால மலாய்க்காரர் வீடு. தாயா புள்ளையா இருக்கோம். அப்படியே எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு, நாம் இறங்குவதற்குள் கடையின் பலகைக் கதவில் ஒன்றை இழுத்துப் பொருத்தினார்.

அடுத்த கடையிலும் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும். சாலையின் தேக்கா முனையில் தொடங்கி உங்கள் வீடு இருக்கும் ஃபேரர் பார்க் வரை ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ஒரு நகைக்கடைக்காரர் நம்மை அரசாங்கத்து ஆட்கள் என்றே முடிவு செய்து ஆரஞ்சுக் கிரஷ் வாங்கிக் கொடுத்தார். உங்கள் வீட்டில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நீ சிரித்தாய். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது.

"உலகத்துலயே ஆபத்தில்லாத ரோடு இதுதான்லா. வங்கியெல்லாம் இங்க வந்து பணத்தப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பருவத்து உழைப்பு போயிற்றே என்று தாள்களை மறுபடி எண்ணினேன். நீதான் பென்சிலை எடுத்து என் கேள்வியை அடித்தாய். மேலே வேறொன்றை எழுதினாய். எதை நினைச்சா உங்களுக்குத் தூக்கம் வராது?

மறுபடி போனோம். பட்டாளத்தார் உடுப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்காரர், கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இவ்வளவு நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவரைப் போலப் பேசினார். வெள்ளைக்காரப் பட்டாளம் ஊருக்குத் திரும்பிவிட்டால் தன் கடையை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. ஜவுளிக் கடை முதலாளிக்குக் கப்பல். சேலைகள் வரும் கப்பல் தாமதமானால் தீபாவளி போச்சு, அந்த வருஷமே போச்சு. ஆறிப்போன தேநீரோடு கடை கடையாக உட்கார்ந்திருந்தோம். நீ எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் எழுதினேன்.

திரும்பும் வழியில் அதே கேள்வியை உன்னிடம் கேட்டேன்.

"நீ எனக்கு முன்னால பாஸாயிடுவியோன்னு நெனச்சாத்தான்" என்றாய்.

நல்ல பதில். நானும் சிரித்தேன்.

நூலகப் படியில் பாதியில் நிற்பாய். கோப்பி தளும்பாமல் இருக்க நிற்கிறாய் என்று நினைத்தேன். மூச்சு வாங்குகிறதே என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடா, ஏறு" என்றாய். சிறு வயதில் வந்த காய்ச்சல் இதயத்தில் ஒரு பழுதை விட்டுப் போயிருந்ததும், மருத்துவர் உன்னை எச்சரித்திருந்ததும், தேவாலயத்தில் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடக்கத்துக்குச் சலவைக்காரர் வந்திருந்தார். என் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

உன் ஏடு எழுதப்படவே இல்லை. உன் பாதிக் கடைகளையும் என் ஏட்டில் சேர்த்து, அடிக்குறிப்பில் உன் பெயரைப் போட்டேன். நீ பென்சிலில் எழுதிய கேள்விக்கு வந்த பதில்கள்தான் நான்காம் அத்தியாயம்.

வெளித்தேர்வாளர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே பயமாக இருக்கிறது. தூக்கம் ஓர் அளவை அல்ல என்றார். அதை எந்த அலகில் குறிப்பீர்கள் என்று கேட்டார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். முதல் சுற்றுத் தாள்கள் சுத்தமாக இருக்கின்றன, அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றார். எல்லாவற்றிலும் 'இல்லை' என்று இருக்கும் தாள்கள்.

அந்தத் தாள்களோடு பட்டம் வாங்கலாம். வகுப்பில் நின்று பாடமும் நடத்தலாம். சிராங்கூன் ரோட்டில் ஆபத்தே இல்லை என்று அச்சில் இருக்கும். எவனாவது ஒரு மாணவன் பிற்பாடு அதை மேற்கோள் காட்டுவான்.

கதவுக்குள் நாற்காலி நகரும் ஓசை கேட்கிறது. அத்தியாயம் இருக்கட்டும் என்பதை ஆங்கிலத்தில் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பதுபோலவே வருகிறது. இருந்தாலும் அதைத்தான் சொல்லப் போகிறேன். வீட்டில் என்ன சொல்வது என்பதை இன்னும் யோசிக்கவில்லை.

நீ போனபின் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நகர முடிவதில்லை. அம்மாவானாலும், பேருந்தில் பக்கத்தில் இருப்பவரானாலும், கொஞ்சம் நின்று வேறு விதமாகக் கேட்கிறேன். சிலர் எரிச்சலடைகிறார்கள். சிலர் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். உன்னிடம் மட்டும்தான், படியில், ஒரே தடவை கேட்டுவிட்டு ஏறிப் போனேன்.

கூப்பிடுகிறார்கள்.