ஒட்டுத் தெரிந்த படம்

ஷார்ஜா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள இளமதிக்கு,

இங்கு நான் நலம். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? உன் கைவலி குறைந்ததா?

கல்யாணமான புதிதில் விருத்தாசலத்தில் நாம் பார்த்த பறக்கும் வீரன் படம் நினைவிருக்கிறதா? முடிந்து வெளியே வரும்போது நீ, “ரெண்டு அச்சுல ஊத்தி ஒட்டுன பொம்மையாட்டம் இருக்குதுங்க. கடைசில ஒட்டு தெரியுது” என்றாய். “பீங்கான் கம்பெனில பொம்ம ஒட்டுன புத்தி எங்க போவும்?” என்று என் தம்பிகள் முன்னால் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ என்னோடு சினிமாவுக்கு வந்ததே இல்லை.

நீ சொன்னதுதான் சரி. இயக்குநரைப் பாதியில் நீக்கிவிட்டு, முடிவை வேறொருவரை வைத்து எடுத்தார்களாம். இப்போது பழைய சுருள்களைத் தேடியெடுத்து, முதல் இயக்குநரின் முடிவோடு டிவிடி போட்டிருக்கிறார்கள். நாம் பார்த்ததில் கடைசியில் கைத்தட்டலுக்கு நின்றானே, இதில் ஊரைக் காப்பாற்றிய வீரன் அப்படி நிற்காமல் பறந்துவிடுகிறான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

அறையில் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். “இதுல ஒட்டு இருக்குதான்னு அண்ணியக் கேட்டுச் சொல்லுங்கண்ணே” என்கிறான் கூட இருக்கும் தமிழ்மணி.

மங்கலம்பேட்டை காதர் பாய் ஊருக்கு வருகிறார். அவரிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. டிவிடியை லீவில் நானே கொண்டு வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார். நீ வாய் திறக்கும்வரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன்,
ராஜ்மோகன்